யாழ்ப்பாணத்துத் தேட்டமும் அதன் காவலும்

யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரர் என்பது இலங்கை முழுவதும் வழங்கும் பழம்பேச்சு. அதனைப் புகழுரையாகச் சொல்வாரும் உளர்; ஏளனமாகச் சொல்வாரும் உளர். இருசாராரும் சிக்கனத்தை ஒரு மக்கட்கூட்டத்தின் பிறவிக்குணம் போலவே கருதுகின்றனர். வரலாற்றை நோக்குவார்க்கு அக்கருத்து முற்றும் பொருந்துவதாகத் தோன்றாது. சேமிப்புக்குக் குணம் வேண்டும். ஆயின் குணம் மட்டும் போதாது. அதற்கு ஓர் ஏற்பாடும் வேண்டும். மிஞ்சியதை எங்கே வைப்பது, எவரிடம் ஒப்படைப்பது, வேண்டும்பொழுது எவ்வாறு மீட்பது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு எட்டிய விடையைக் கண்டு வந்துள்ளது. வள்ளுவர் பொருட்பாலிலே 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிந்ததே. பொருளைச் செய்தல் ஒன்று. செய்த பொருளைக் காத்தல் வேறொன்று. யாழ்ப்பாணத்தார் தம் பொருளை எவ்வெவ்வாறு காத்தனர், எங்கெங்கே இழந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நிலத்தை நோக்குவாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அதனைக் கிணற்றிலிருந்து இறைத்தே தோட்டஞ் செய்தல் வேண்டும். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீர் ஊற்றிய காலத்திலே, ஒவ்வொரு பட்டை நீரும் உடலுழைப்பின் விலையாக இருந்தது. நெல் மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை விளைந்தது. காசு தரும் பயிராகிய புகையிலையும், திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிய காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறையே பணத்தைக் கொண்டு வந்தது. வரவு ஒருமுறை, செலவு நாடோறும் என்னும் நிலையில், வந்ததைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பகுத்து வைக்கத் தெரியாத குடும்பம் கடன்பட்டே தீரவேண்டியிருந்தது. சிக்கனம் இம்மண்ணிற் கற்பிக்கப்பட்ட முறை இதுவே.

ஆதலின் முதற்சேமிப்பு காசாக இருக்கவில்லை, உணவாகவே இருந்தது. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பனம்பழத்தின் களியைப் பாயிலே பரவிக் காயவிட்டாற் பினாட்டு. கருப்பநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டி. இவை யாவும் ஒரு பருவத்தின் மிகுதியை மற்றொரு பருவத்தின் குறைவுக்காகக் கட்டிவைக்கும் வழிகளே. நாடோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையிற் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கமும் இவ்வகையினதே. அவ்வொரு பிடியாற் சோறு குறைந்ததாக எவரும் உணர்வதில்லை. மாதமுடிவிலோ பானை நிறைந்திருக்கும். சைவரும் கிறித்தவரும் தத்தம் ஆலயங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இவ்வழியாற் பொருள் திரட்டினர். பணமே கையிற் படாத வீட்டுப் பெண்ணும் இதனாற் சேமிப்பவளாகவும் கொடையாளியாகவும் ஆயினாள் என்பது கருதற்பாலது.

இனி, தேட்டம் சட்டத்திற் பெற்ற இடத்தைக் காண்போம். ஒல்லாந்தர் ஆட்சியிலே, திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். பன்னிரு முதலியார்கள் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். அந்நூல் குடும்பத்தின் பொருளை மூவகையாகப் பிரிக்கின்றது. முன்னோர்வழி வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் இல்வாழ்க்கையிலே ஈட்டுவது தேடிய தேட்டம். ஒற்றியும் அடைவும் வட்டிக்குப் பணங் கொடுத்தலும் அதில் இடம்பெறுகின்றன. ஒற்றியிற் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பர். கையிற் காசுள்ளவர்க்கு அது முதலீடாகவும், இல்லாதவர்க்கு நிலத்தை விற்காது பணம் பெறும் வழியாகவும் அமைந்தது.

தேடிய தேட்டம் என்ற சொல்லிலே ஒரு சமூகக் கொள்கை அடங்கியிருத்தலைக் காண்க. மிச்சம்பிடித்தது எவர் கையாலாயினும், அது இருவருடைய உழைப்பின் பயன். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் தேடிய தேட்டத்தில் இருவர்க்கும் சமபங்கு உண்டெனக் கூறிற்று. 1947இல் அது திருத்தப்பட்டது. எனினும் இவ்வழக்கத்தை அளவுக்கு மீறிப் புகழ்தல் கூடாது. தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. தாமே பிறருடைய உடைமையாக எண்ணப்பட்ட மக்களுக்குத் தேட்டம் என்பது எட்டாத சொல்லாகவே இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயே. அதன்பின்னரும் நிலமற்ற கூலிக்குடிகள் மிச்சம்பிடிக்கத்தக்க வருவாயைப் பெற நெடுங்காலம் சென்றது. சிக்கனத்தை எல்லார்க்கும் உபதேசிப்போர் இதனை மறத்தலாகாது.

அச்சட்டத்தின் மற்றொரு விதி, வீட்டுப் பெண்கள் பொன்னை நாடியமைக்கு ஒரு காரணத்தைக் காட்டுகின்றது. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் வீட்டையும் கணவனுடைய எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. அசையும் பொருளுக்கு அத்தடை இல்லை. ஆகவே, காப்பும் சங்கிலியும் அட்டியலும் அணிகலன்களாக மட்டும் அமையவில்லை. பெண்ணொருத்தி எவர் கையெழுத்தும் வேண்டாது தானே ஆளத்தக்க சேமிப்பாகவும் அமைந்தன. பவுண் என்பது ஏறக்குறைய எட்டுக் கிராம் நிறையுடையது. ஒரு போகத்துக்கு ஒரு பவுணாக வாங்கிச் சேர்த்து, பிள்ளையின் பரீட்சைப் பணத்துக்கோ மருந்துச் செலவுக்கோ அடைவுகடையில் வைத்து, அடுத்த போகத்தில் மீட்டெடுத்த தாய்மார் எத்தனையோ பேர். நகை அடைவிலிருக்கும் நாளிலே கழுத்து வெறுமையாயிருத்தலே அக்கடனை நினைவூட்டி, விரைந்து மீட்கத் தூண்டியது.

பொன் தனியொருவர் சேமிப்பு. சீட்டோ பலர் கூடிச் செய்யும் சேமிப்பு. அதன் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். இருபது பேர் மாதம் 50 ரூபாவாக இருபது மாதங்களுக்குக் கட்டுகின்றனர் எனக் கொள்வோம். மாதந்தோறும் திரளும் தொகை 1,000 ரூபா. ஒரு மாதத்திற் பணத்தேவை மிக்க ஒருவர் 120 ரூபா கழிவுக்குச் சீட்டைக் கூறி எடுப்பாராயின், அவர் 880 ரூபா பெறுவர். கழிவாகிய 120 ரூபா இருபது பங்காகி ஆளுக்கு 6 ரூபா ஆகும். அம்மாதம் ஒவ்வொருவரும் 44 ரூபாவே கட்டுவர். முதலில் எடுப்பவர் கடன் பெறுகின்றார். இறுதியில் எடுப்பவர் வட்டி பெறுகின்றார். கடனும் சேமிப்பும் ஒரே வட்டத்தில் அமர்ந்து ஒன்றையொன்று தாங்குகின்றன. வங்கியின் வாயிலை மிதித்தறியாத மக்கள் வங்கியின் தொழிலை இவ்வாறு தாமே நடாத்தினர்.

சீட்டின் பலவீனமும் அதன் பலம் உள்ள இடத்திலேயே உள்ளது. முன்னமே எடுத்தவர் பின்னர் கட்டாதுவிடலாம். நடத்துபவரே பணத்தோடு மறையலாம். ஒருவரையொருவர் அறிந்த அயலவர்க்குள் நடக்கும் வரையில் மானமே பிணையாக நின்றது. அறியாதவர் சேரச் சேரப் பிணை தளர்ந்தது. இதனாலேயே இலங்கை அரசு 1935இல் சீட்டுக்கென்றே ஒரு கட்டளைச்சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் 'சீட்டு' என்னும் தமிழ்ச்சொல்லே இடம்பெற்றுள்ளது. மக்கள் வழக்கத்தில் வளர்ந்த ஓர் ஏற்பாட்டுக்கு ஆட்சியாளர் தம் மொழியில் வேறு சொல் தேடாமை நோக்கத்தக்கது.

ஐரோப்பிய முறையிலான சேமிப்பு நிலையங்களும் இதற்கிடையில் வந்து சேர்ந்தன. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இல் தொடங்கியது. கோப்பிப் பயிர் நோயால் அழிய, 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் கலங்கினர். அரசு அத்தாள்களுக்குப் பொறுப்பேற்றுக் கலக்கத்தைத் தணித்தது. அடுத்த ஆண்டாகிய 1885இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி ஏற்பட்டது. சிறுதொகையையும் ஏற்கும் வங்கி, கடிதம் வாங்கப் போகும் அதே இடத்தில் இருந்தமை கிராமத்தவர்க்குப் பெரும் வசதியாயிற்று. ஆசிரியரும் இலிகிதரும் தம் பிள்ளைகளின் பெயரிற் சேமிப்புப் புத்தகம் திறந்தனர். இவ்விரு வங்கிகளும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒன்றாக்கப்பட்டுத் தேசிய சேமிப்பு வங்கியாயின.

ஆயினும் சீட்டின் உயிர்நாடியாகிய அயலவர் நம்பிக்கையையும், வங்கியின் உயிர்நாடியாகிய எழுத்துக் கணக்கையும் ஒன்றுசேர்த்தது கூட்டுறவு இயக்கமே. ஜெர்மனியிலே இரைபைசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கிராமத்தவர்க்கு வகுத்த கடனுதவிச் சங்க முறையை ஒட்டி, இலங்கையில் 1911இற் கூட்டுறவுக் கடன்சங்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. யாழ்ப்பாணம் அதனை விருப்போடு ஏற்றுக்கொண்டது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தன. 1929இல் யாழ்ப்பாணத்திற் கூட்டுறவு வங்கி உருவாயிற்று. 1930களிற் புகையிலைச் செய்கையாளர் தமது விற்பனைச் சங்கத்தை நிறுவினர். மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை தோன்றியது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர். யாழ்நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்குகின்றது. சங்கத்தின் கணக்கு ஆண்டுக்கூட்டத்திலே யாவரும் கேட்க வாசிக்கப்படும். கேள்வி கேட்க உறுப்பினர் எவர்க்கும் உரிமையுண்டு. பணத்தைக் காத்தது இரும்புப்பெட்டியா, அன்றி அவ்வாசிப்பா என்று வினவின், வாசிப்பே என்பதே எமது துணிபு.

இக்காலத்திலேயே கடல்கடந்த வருவாயும் பெருகிற்று. 1880களிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் பலர் அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகளால் ஊரிற் கல்வீடுகள் எழுந்தன, காணிகள் கைமாறின, கோயில்கள் திருப்பணி கண்டன. ஓய்வூதியத்தோடு மீண்டவர்கள் 'மலாயன் பென்சனியர்' எனப் பெயர் பெற்றனர். யாழ்ப்பாணத்தின் பொருளியலையே காசுக்கட்டளைப் பொருளியல் என ஆராய்ச்சியாளர் கூறுமளவுக்கு இவ்வருவாய் மிகுந்தது. ஆனால் 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாக, காசுக்கட்டளை நின்றது. அங்கிருந்தோர் யப்பானியர் அச்சிட்ட தாள்களிலேயே சம்பளம் பெற்றனர். வாழைமரப்படம் பொறித்த அத்தாள்கள் 1945இல் யப்பான் சரணடைந்ததும் வெறுங்கடதாசியாயின. மூன்றரை ஆண்டுச் சிக்கனம் ஒரே அறிவிப்பில் மறைந்தது. அவர்கள் ஊதாரிகள் அல்லர்; தேட்டத்தைத் தாங்கிய தாளின் பின்னால் நின்ற அரசே வீழ்ந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பொருள் எதற்குச் செலவாயிற்று என்பதையும் வினவுதல் வேண்டும். இரு பெருவாய்க்கால்கள் தெரிகின்றன. ஒன்று கல்வி. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் நிலைபெற்றதும், பின்னர் ஊர்தோறும் இந்துக் கல்லூரிகள் எழுந்ததும் அரசின் கொடையால் மட்டுமன்று. தோட்டக்காரரும் வணிகரும் மலாயாவில் உழைத்தோரும் தம் மிச்சத்திலிருந்து ஈந்தமையாலுமாகும். மற்றொன்று சீதனம். பழைய வழக்கிலே தாயின் சீதனம் பெண்மக்களையும் தந்தையின் முதுசம் ஆண்மக்களையும் சேர்ந்ததென்றும், பறங்கியர் காலத்தில் அவ்வழக்கம் மாறியதென்றும் தேசவழமை தானே கூறுகின்றது. மகளுக்குத் தாய்வீட்டுப் பங்காக இருந்த ஒன்று, நாளடைவில் மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கு ஏற்பக் கேட்கப்படும் விலையாக மாறிற்று. பெண் பிறந்த நாள்முதல் தகப்பன் மிச்சம்பிடித்ததும், தமையன்மார் தம் மணத்தைத் தள்ளிவைத்து உழைத்ததும் இதன்பொருட்டே. கல்விக்குச் சென்ற மிச்சம் பல மடங்காகப் பெருகியது. சீதனத்துக்குச் சென்ற மிச்சமோ பல குடும்பங்களை ஒற்றியிலும் ஈட்டிலும் ஆழ்த்திற்று. சிக்கனம் தன்னளவில் நன்றெனக் கொள்வார்க்கு இவ்வேறுபாடு ஒரு படிப்பினையாகும்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்விலை கிடைத்தபோது, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையிற் பணம் சேர்ந்தது. நீரிறைக்கும் இயந்திரமும் கல்வீடும் உழவியந்திரமும் வாங்கினர். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட அவ்விலை தளர்ந்தது. அதன் பின்னர் வந்த போர்க்காலம் எல்லாவகைத் தேட்டத்தையும் ஒருங்கே சோதித்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தபோது, வீடும் கிணறும் தோட்டமும் பின்னே நின்றன. உடன் சென்றவை காணியுறுதி, வங்கிப்புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ், மடியிற் கட்டிய நகை ஆகியனவே. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் வங்கிவழி வர இயலாதபோது 'உண்டியல்' வழியாக வந்தது. முற்காலத்திற் செட்டிமாரின் மாற்றுச்சீட்டையும், கோயிலின் காணிக்கைப் பெட்டியையும், சிறுவரின் காசுக்கலயத்தையும் குறித்த அச்சொல், நாடுகடந்து காசனுப்பும் வழியையும் குறிக்கலாயிற்று.

2009இற் போர் முடிந்து பாதை திறந்ததும் வங்கிகளும் குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வடபுலத்திற் பெருகின. எல்லாம் இழந்து மீண்ட குடும்பங்களுக்குக் கடன் எளிதிற் கிடைத்தது; அதனைத் தீர்க்கும் வருவாயோ கிடைக்கவில்லை. ஒரு கடனைத் தீர்க்க மறுகடன் பெற்ற பெண்களின் துயர் நாடறிந்ததாயிற்று. 2018இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்குவதாக அரசு அறிவித்தது. சிக்கன கடனுதவிச் சங்கத்திலே முதலிற் சேமிப்பு, பின்னரே கடன் என்றிருந்த ஒழுங்கு இங்கே தலைகீழாயிற்று. கடன் கொடுத்தவர் ஊரவர் அல்லர். அவர்தம் கணக்கை ஊர்க்கூட்டத்தில் எவரும் வாசிக்கவுமில்லை.

2022ஆம் ஆண்டு வேறொரு பாடத்தைத் தந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 70 உயர்ந்திருந்தது. அதாவது, சென்ற ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 170 ரூபா வேண்டியிருந்தது. வங்கிப்புத்தகத்தில் எழுதிய எண் ஒன்றும் குறையவில்லை. அதன் ஆற்றலே குறைந்தது. 1945இல் மலாயாவில் நிகழ்ந்தது போல முற்றிலும் அழியவில்லையாயினும், ஓய்வூதியத்தையும் நிலைவைப்பின் வட்டியையும் நம்பி வாழ்ந்த முதியோர் அதனை நன்குணர்ந்தனர்.

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்குமிடத்து, எந்த ஏற்பாடும் எக்காலத்துக்கும் காவலாக நின்றதில்லை என்பது புலனாகும். காணியைப் பெயர்த்துச் செல்ல முடியவில்லை; தாள் மதிப்பிழந்தது; சீட்டு சிலபோது முறிந்தது; நகையும் களவுக்கும் விலைத்தளம்பலுக்கும் உட்பட்டதே. முன்னோர் அதனை அறிந்தே சிறிது காணியிலும், சிறிது பொன்னிலும், சிறிது சங்கத்திலும், மிகுதியைப் பிள்ளையின் படிப்பிலும் வைத்தனர். அவற்றுள்ளும் ஒரு வேற்றுமை உண்டு. கணக்கு கண்முன்னே காட்டப்பட்ட இடத்திற் சிறுதொகையும் வைத்தியசாலையாகவும் பாடசாலையாகவும் வளர்ந்தது. கணக்குக் கேட்க இயலாத இடத்திற் பெருந்தொகையும் மறைந்தது. ஆதலின், பணத்தை எங்கே வைப்பது என்று எண்ணும் இளைஞர், எவ்வளவு வட்டி என்று கேட்குமுன், கணக்கைக் காட்டுவார் யார் என்று கேட்டல் வேண்டும்.

மாணவர்க்கு இறுதியாக ஒன்று கூறுவாம். உங்கள் வீட்டிலே பாட்டியார் ஒருவர் இருப்பின், அவர் முதன்முதற் சேர்த்த காசு எது, அதனை எங்கே வைத்தார், எதற்காகச் செலவிட்டார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கச்சேரி ஏடுகளிலும் வங்கிப் பதிவுகளிலும் காணப்படாத வரலாறு அது. பிடியரிசிப் பானையையும் அடைவுகடைத் துண்டையும் பற்றிச் சொல்ல அவரைப்போல் அறிந்தவர் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருப்பர். அவர்கள் தேடிய தேட்டத்தின் ஒரு பகுதி, நீங்கள் அமர்ந்து படிக்கும் இவ்வகுப்பறையின் சுவரிலும் கலந்திருக்கின்றது.